பெற்றவள் பாதுகாவலர் ஆக முடியாதா?

பிள்ளைக்கு 18 வயது ஆகிறது என்றால் வீட்டில் சந்தோஷம். ஓட்டுப் போடலாம். லைசென்சு எடுக்கலாம். வேலைக்குப் போகலாம். "இனிமேல் அவன் பெரிய ஆள்" என்று ஊரே சொல்லும்.

சில வீடுகளில் மட்டும் அந்தப் பிறந்த நாள் பயத்தைக் கொண்டு வருகிறது.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள வீடு. மூளை முடக்குவாதம் வந்த பிள்ளை உள்ள வீடு. ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீடு. அங்கே பிள்ளையின் உடம்பு மட்டும் 18 வயதைத் தொடுகிறது. சோறு ஊட்டுவது அம்மா. குளிப்பாட்டுவது அம்மா. இரவில் புரண்டு படுக்க வைப்பதும் அம்மாதான். பிள்ளை வளர வளரப் பாரம் கூடுகிறது. அம்மாவுக்கோ வயது ஏறுகிறது.

அந்த வீடு அகதி முகாமில் இருந்துவிட்டால், இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. பெற்ற தாயே தன் பிள்ளைக்குச் சட்டப்படி யாரும் இல்லை என்று ஆகிவிடுகிற பயம் அது.

இது எப்படி நேருகிறது? இதை மாற்ற முடியுமா?

கடல் தாண்டி வந்தவர்கள்

திருச்சுழி, வானம் பார்த்த பூமி. குண்டாறு ஓடும் ஊர்தான். ஆனால் மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர். திருமேனிநாதர் கோவிலும், ரமண மகரிஷி 1879ல் பிறந்த வீடும் இந்த ஊரின் பெருமை. சுற்றிலும் கண்மாய், கரிசல், சீமைக் கருவேலம்.

திருச்சுழி சட்டசபைத் தொகுதியில் இருக்கிறது மல்லாங்கிணறு. அங்கே இலங்கைத் தமிழர்கள் வாழும் முகாம் ஒன்று உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் குல்லூர்சந்தையிலும் ஒரு முகாம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கையில் இனக்கலவரம் வெடித்தது. அதன் பிறகு லட்சக்கணக்கான தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1990ல் மறுபடியும் ஒரு பெரிய கூட்டம் வந்தது. படகில் வந்து இறங்கியவர்களை முதலில் மண்டபம் முகாமில் வைத்தார்கள். பிறகு பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள்.

2021ல் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்கள். அவற்றில் 58,822 பேர். "அகதி முகாம்" என்ற பெயரையும் அந்த ஆண்டுதான் மாற்றினார்கள். இப்போது அதன் பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்". மாத உதவிப் பணமும் அப்போது கூட்டப்பட்டது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய். மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய். சிறுவர்களுக்கு 500 ரூபாய். பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவிப்பு வந்தது.

இவை நல்ல காரியங்கள். ஆனால் அந்தப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியாது. முகாமில் உள்ள ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். பெண்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார்கள். ஊனமுற்ற பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போக முடியாது. ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும். ஆகவே அந்த வீட்டில் ஒரு கூலி குறைகிறது. வைத்தியச் செலவு கூடுகிறது.

18 வயதில் என்ன மாறுகிறது?

பிள்ளை சிறு வயதில் இருக்கும்போது ஏதோ கொஞ்சம் உதவி கிடைக்கிறது. 6 வயது முதல் 18 வயது வரை ஊனமுற்ற பிள்ளைக்கு இலவசக் கல்வி கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு, வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வீடு தேடி வருவார். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆளும் வருவார்.

பள்ளி வயது முடிந்ததும் அந்த வரவு நின்றுவிடும். பயிற்சி நின்றால் மடங்கிய கால் இன்னும் மடங்கும். பேசப் பழகிய நாலு வார்த்தையும் மறந்துபோகும். பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்தது ஒரு வருடத்தில் கரையும்.

இது முகாம் பிள்ளைக்கு மட்டும் உள்ள கஷ்டம் அல்ல. திருச்சுழியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இதே கதிதான். ஆனால் அடுத்து வருவது முகாம் குடும்பத்துக்கு மட்டும் உரியது.

18 வயது வரை பிள்ளைக்குத் தாயும் தந்தையும்தான் பாதுகாவலர். கோர்ட்டில் "கார்டியன்" என்பார்கள். இதற்குத் தனியாகச் சீட்டு எதுவும் வேண்டாம். பெற்றதே போதும். 18 வயது நிரம்பியதும் அந்த உரிமை தானாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளை மேஜர். அவன் காரியத்தை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்ன செய்வான்?

பாங்கியில் கணக்கு இருக்கும். அதில் உதவிப் பணம் வந்து விழும். கையெழுத்துப் போட அவனுக்குத் தெரியாது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்வார். சம்மதம் கொடுக்க வேண்டியவன் அவன். அவனுக்கோ விஷயம் புரியாது. ஏமாற்றி எதிலாவது கைநாட்டு வாங்கினாலும் வாங்குவார்கள். தட்டிக் கேட்க, சட்டப்படி ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை நியமிப்பதற்காகவே 1999ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் ஆகிய நாலு வகையினருக்கு இது பொருந்தும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு குழு உண்டு. கலெக்டர் அதில் இருப்பார். பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி இருப்பார். மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார். பெற்றோர் மனுக் கொடுத்தால் இந்தக் குழு விசாரித்து, "இவரே பாதுகாவலர்" என்று சான்றிதழ் கொடுக்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தச் சான்றிதழைப் பாங்கிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் பாங்கியும் சொல்லியிருக்கிறது.

ஏழைகளுக்காகவே செய்த நல்ல சட்டம். ஆனால் அதன் கீழ் 2001ல் எழுதிய ஒழுங்குமுறையில் ஒரு வரி இருக்கிறது. பாதுகாவலர் ஆகிறவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதே அந்த வரி.

ஒரு வரியில் அடைபட்ட கதவு

முகாமிலிருந்து ஒரு தாய் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து, பக்கத்து வீட்டு அக்காளிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போகிறாள்.

"மகனுக்கு 18 வயசு ஆகிவிட்டது, ஐயா. நான் பாதுகாவலராக இருக்க மனுக் கொடுக்க வந்திருக்கிறேன்."

"நீங்கள் இந்தியப் பிரஜையா, அம்மா?"

"இல்லை, ஐயா. முகாமில் இருக்கிறோம்."

ஆபீசில் இருப்பவர் இரக்கம் உள்ளவராகவே இருக்கலாம். உட்காரச் சொல்லலாம். குடிக்கத் தண்ணீரும் கொடுக்கலாம். ஆனால் விதி கையைக் கட்டுகிறது.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற ஒரு நிறுவனமும் பாதுகாவலரை நியமிக்கும்படி மனுச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. அதாவது, பிள்ளையின் முகத்தை அன்றுவரை பார்த்திராத ஒருவர், இந்தியக் குடிமகன் என்பதால், பாதுகாவலர் ஆக முடியும். 18 வருடம் மடியில் வைத்துக் காத்தவள் ஆக முடியாது.

இது நியாயமா?

குடியுரிமை ஏன் இல்லை?

"இவ்வளவு வருடம் இங்கே இருக்கிறார்களே, குடியுரிமை வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் தப்பு இல்லை. ஆனால் அது அவ்வளவு சுலபம் அல்ல.

1987ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பிறந்ததாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3ந் தேதி முதல் விதி இன்னும் கடுமை ஆயிற்று. ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது.

2026ல் 18 வயது ஆகிற பிள்ளை 2008ல் பிறந்தவன். அவன் பிறந்தது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில். பிறப்புச் சான்றிதழும் தமிழ்நாட்டுச் சான்றிதழ். பேசுவது தமிழ். ஆனால் தாயும் தந்தையும் இலங்கைக் குடிமக்கள் என்றால், அவன் இந்தியக் குடிமகன் அல்ல.

2019ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில பிரிவினருக்கு அது வழி செய்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

சில இடங்களில் வெளிச்சம் தெரிகிறது. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண் ஐகோர்ட்டுக்குப் போனார். அவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022ல் மதுரை ஐகோர்ட் உத்தரவு போட்டது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஆகவே 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்த தாயோ தந்தையோ முகாம் வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பம் இதை விசாரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் பாதுகாவலர் ஆவதற்குக் குடியுரிமை தடையாக இருக்காது.

2025 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் இன்னொரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9ந் தேதி வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்று விலக்கு அளித்தது. இது குடியுரிமை அல்ல. ஆனால், "இவர்கள் இங்கே இருக்கலாம், இவர்கள் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியும்" என்று ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

அந்த வரி எதற்கு?

எந்த விதியும் காரணம் இல்லாமல் வராது. வெளிநாட்டார் ஒருவர் பாதுகாவலர் ஆகி, ஊனமுற்றவரையோ அவர் சொத்தையோ எடுத்துக்கொண்டு தேசத்தை விட்டுப் போய்விட்டால் யாரைப் பிடிப்பது? இந்தக் கேள்வி நியாயமான கேள்விதான்.

ஆனால் முகாம் குடும்பத்துக்கு அது பொருந்துமா? முகாமில் ஒவ்வொரு தலைக்கும் கணக்கு உண்டு. வருவாய்த் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. போலீசில் பதிவு இருக்கிறது. குறித்த நாளில் ஆள் நேரில் நின்றால்தான் உதவிப் பணம். வெளியூரில் தங்க வேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டும். முகாமில் உள்ளவர் எங்கே இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்த அளவுக்கு, மற்ற யாரைப் பற்றியும் தெரியாது.

சட்டத்திலும் காவல் இருக்கிறது. பாதுகாவலர் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளையைக் கவனிக்காவிட்டால், பாதுகாவலரை நீக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு பூட்டுக்கள் இருக்கும்போது, குடியுரிமை என்ற இன்னொரு பூட்டு தாயைத்தான் வெளியே நிறுத்துகிறது. திருடனை அல்ல.

உயிர் வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டும் உரியது அல்ல. இந்த மண்ணில் இருக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா மக்கள் வழக்கில் 1996ல் சுப்ரீம் கோர்ட் இப்படித் தீர்ப்புச் சொன்னது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஊனமுற்ற "நபர்" என்றே பேசுகிறது. "குடிமகன்" என்று சொல்லவில்லை. அப்படியிருக்க, ஒழுங்குமுறையில் மட்டும் அந்த வார்த்தை ஏன்?

இன்னொரு வழி

அந்தக் கதவு அடைபட்டாலும், வேறு ஒரு கதவு இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்று ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. மாவட்டக் கோர்ட், அல்லது மாநில அரசாங்கம் குறிப்பிடும் அதிகாரி அவரை நியமிக்கலாம். குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அவர் பாதுகாவலர். ஊனமுற்றவரின் விருப்பத்தைக் கேட்டு, அவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை.

கோர்ட்டுக்குப் பணம் எங்கே என்று பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். விருதுநகர் மாவட்டத்தின் தலைமைக் கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சட்ட உதவி கேட்கலாம்.

ஆனாலும் இதை முழு வழி என்று சொல்ல முடியாது. மல்லாங்கிணறில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எழுந்து நிற்க முடியாத பிள்ளையோடு எத்தனை முறை அலைவது? கலெக்டர் குழுவிலேயே முடிய வேண்டிய காரியம் இது.

16 வயதிலேயே தொடங்க வேண்டும்

இதே இலங்கைத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கனடாவுக்குப் போனார்கள். டொரண்டோ நகரத்தில் அவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அந்த நகரம் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கேயும் 18 வயதில் சிறுவர் உதவி நின்றுவிடுகிறது. ஆனால் பெரியவர்களுக்கான உதவிக்கு 16 வயதிலேயே பெயர் கொடுக்கலாம். ஊனமுற்றோர் பணத்துக்கு, 18 வயது ஆவதற்கு 6 மாதம் முன்பே மனுப் போடலாம். பள்ளிக்கூடத்தில் 21 வயது வரை இருக்கலாம். அங்கேயும் குறைகள் உண்டு. வரிசையில் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனாலும், வரப்போகும் நாளுக்கு முன்னாலேயே தயாராவது என்ற பழக்கம் நல்ல பழக்கம்.

அந்தப் பழக்கம் இங்கேயும் வரவேண்டும். பிள்ளைக்கு 16 வயது ஆனதும், குடும்பம் செய்ய வேண்டியவை இவை:

முதலில், காகிதங்களை ஒன்று சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், முகாம் அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வைத்தியச் சீட்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, தண்ணீர் படாத பையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஊனச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. பெரும்பாலான உதவிகளுக்கு ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சான்றிதழ் தற்காலிகமானது என்றால், தேதி முடியும் முன்பே புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கும், கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கும் தமிழ்நாடு அரசாங்கம் பராமரிப்பு உதவிப் பணம் கொடுக்கிறது. முகாமில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கேட்டு, மனுவை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். வாயால் சொன்ன பதில் காற்றோடு போகும். எழுத்து நிற்கும்.

நான்காவது, பிள்ளையின் பழக்கங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எதைச் சாப்பிடுவான், எந்த மருந்து எத்தனை மணிக்கு, எதைக் கண்டால் பயப்படுவான், பசித்தால் எப்படிக் காட்டுவான் என்று எழுத வேண்டும். இது தாய்க்கு மட்டும் தெரிந்த பாஷை. அவள் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அந்த நோட்டுத்தான் பிள்ளைக்காகப் பேசும். எழுதத் தெரியாத தாய்க்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, பிள்ளையையும் கேட்க வேண்டும். 18 வயது ஆனவன் குழந்தை அல்ல. எந்தச் சட்டை வேண்டும், யாரோடு இருக்கப் பிடிக்கும் என்பதையாவது அவனே சொல்லட்டும். தலையை ஆட்டிச் சொன்னாலும் அது சொல்தான். பாதுகாவலர் என்றால் அவனுக்குத் துணையாக இருப்பவர். அவனை அடக்கி வைப்பவர் அல்ல.

"எனக்குப் பிறகு யார்?"

இப்படிப்பட்ட ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் ஒரு கேள்வி இருக்கிறது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?"

ஊரில் வேர் உள்ள குடும்பத்துக்குச் சித்தப்பா, மாமா, அத்தை என்று யாராவது இருப்பார்கள். காணி நிலம் இருக்கும். முகாம் குடும்பத்தின் உறவுகள் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அண்ணன் மன்னாரில், தங்கை லண்டனில், இன்னொருவர் வேறொரு முகாமில். நிலமும் இல்லை. அதனால் அந்தக் கேள்வி அங்கே இன்னும் கனமாக இருக்கிறது.

விடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி ஒரு உதாரணம். எஸ்.ராமகிருஷ்ணன் 1975ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவு இழந்தார். அவர் 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு, பயிற்சி, தொழில் என்று அது வளர்ந்தது. கிராமங்களுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பட்டணத்தில்தான் இதெல்லாம் நடக்கும் என்பது பொய் என்று ஒரு கிராமம் நிரூபித்துவிட்டது.

முகாம் மக்களும் சும்மா இருக்கவில்லை. அகதிகளாக வந்தவர்களே சேர்ந்து 1984ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் அதற்குத் தலைமை ஏற்றார். முகாம்களில் படிப்பும் சுகாதாரமும் வளர்ந்ததில் அந்தக் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தங்கள் கையாலேயே இவ்வளவு செய்தவர்களுக்குச் சட்டமும் துணை நின்றால் இன்னும் எவ்வளவு செய்வார்கள்!

அரசாங்கம் செய்ய வேண்டியது

மத்திய அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 2001ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். "அரசாங்கத்தில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதி, தன் சொந்தப் பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ பாதுகாவலர் ஆகலாம்" என்பதே அது. இதற்காகச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. தேசிய அறக்கட்டளை வாரியமே, மத்திய அரசாங்கத்தின் அனுமதியோடு ஒழுங்குமுறையை மாற்றலாம். யாருக்குப் பொருந்தும் என்ற வரையறையும் புதிதாகத் தேட வேண்டாம். 2025 உத்தரவில் சொன்ன அதே மக்கள்தான்.

மாநில அரசாங்கம் செய்ய வேண்டியது இரண்டு.

கலெக்டர் குழு, ஆண்டுக்கு ஒரு நாளாவது முகாமுக்கே வரவேண்டும். டாக்டர், பாங்கி அதிகாரி, சட்ட உதவி வக்கீல், நல அலுவலர் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தால், பத்து நாள் அலைச்சல் ஒரே நாளில் முடியும்.

அடுத்தது, பள்ளி முடித்த ஊனமுற்ற வாலிபர்களுக்குப் பகல் நேர மையம் ஒன்று வேண்டும். தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு "உரிமைகள் திட்டம்" நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவையான உதவிகளை ஊருக்கு அருகிலேயே கொடுப்பது அதன் நோக்கம். அந்தத் திட்டம் முகாம் வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டும். காலையில் பிள்ளையை மையத்தில் விட்டுவிட்டு, தாய் வேலைக்குப் போகலாம். மாலையில் அழைத்து வரலாம். பிள்ளைக்குப் பயிற்சி; குடும்பத்துக்கு ஒரு கூலி. திருச்சுழிப் பிள்ளையும் முகாம் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து பழகட்டும்.

ஊராரும் கைகொடுக்க வேண்டும்

இந்த வறண்ட சீமைக்குப் பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது புதிது அல்ல. மழை பொய்த்து, கண்மாய் வற்றிய காலங்களில் பழைய இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபம் முகாமே அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளைத் தங்க வைத்துப் பரிசோதிக்கக் கட்டியதுதான். தமிழ்நாட்டு முகாம்களில் இப்போது இருப்பவர்களில் ஒரு பகுதியினர், அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஊரார் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஊனமுற்ற பிள்ளையைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல் இருக்கலாம். கோவில் திருவிழாவுக்கு அவனை அழைத்து வந்தால் முன்னால் இடம் விடலாம். மில்லிலோ, தறிக்கூடத்திலோ, கடையிலோ, உட்கார்ந்து செய்யும் ஒரு சின்ன வேலையை அவனால் முடிந்த அளவுக்குக் கொடுக்கலாம். தாய்க்குக் காய்ச்சல் என்றால், ஒரு வேளை அவனுக்குச் சோறு ஊட்டலாம். சட்டம் கொடுக்க முடியாத பாதுகாப்பு அது.

ஆனால் சட்டம் கொடுக்க வேண்டியதைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் அன்பு, பாங்கியில் செல்லாது. ஆபரேஷன் தாளில் கையெழுத்து ஆகாது.

பிள்ளைக்கு 17 வயது முடியும்வரை "இவள் தாய்" என்று ஏற்றுக்கொள்கிற சட்டம், மறு வருடம் "நீ எந்த நாடு?" என்று கேட்கக் கூடாது. அவள் எந்த நாட்டுக்காரி என்பதைக் குடியுரிமை அலுவலகம் மெதுவாக முடிவு செய்யட்டும். அவள் யாருடைய தாய் என்பது 18 வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

அந்த ஒரு வரியை டெல்லி திருத்த வேண்டும். உடனே திருத்த வேண்டும். இந்த ஆண்டு 18 வயது ஆகிற பிள்ளை, அடுத்த ஆண்டு வரை காத்திருக்க முடியாது.